தேன் பாட்டிலில் மாட்டிக்கொண்ட குமிழி

கோத்தகிரிக் குளிரில் மலைத்தேன் பாகாக இறுகிக் கிடக்கிறது. சப்பாத்திக்கு ஊற்றலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தால், பெரிய குமிழி சோம்பலாக மேலே ஏறுகிறது. கடுகளவு குமிழி ஒன்று நகர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. "தேனை ஊத்துறியா, வேடிக்கை பாக்குறியா?" என்றார் அத்தை.

வேடிக்கைதான் அத்தை! குமிழி என்றால் மேலேதான் போகும் என்று நினைக்கிறோம். 1959-இல் யங், கோல்ட்ஸ்டீன், பிளாக் என்ற மூவர் சிலிக்கோன் எண்ணெயைக் கீழிருந்து சூடாக்கி, சின்னக் குமிழிகளை அந்தரத்தில் நிறுத்தினார்கள். கீழ்நோக்கியும் ஓட்டினார்கள்.

எல்லாம் பரப்பு இழுவிசை செய்யும் வேலை; திரவத்தின் மேற்பரப்பைத் தோல்போல இழுத்துப் பிடிக்கும் விசை அது. சூடான பக்கம் அது குறையும், குளிர்ந்த பக்கம் கூடும். அதனால் குமிழியின் மேற்பரப்பு, ஒட்டியிருக்கும் திரவத்தைச் சூட்டிலிருந்து குளிருக்கு இழுத்துத் தள்ளும். துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ள, பரிசல் முன்னால் போகிறதே, அப்படிக் குமிழி சூட்டை நோக்கி நீந்தும். பாகு போன்ற திரவத்தில் மிதந்து ஏறும் வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்த நீச்சல் வேகமோ வெறும் ஆரத்தை. குமிழி சிறுக்கச் சிறுக்க ஏறும் வேகம்தான் சீக்கிரம் தேயும்; ஆகவே பொடிக் குமிழிகளிடம்தான் நீச்சலின் ஜம்பம் பலிக்கும்.

சரி, நாமும் பார்ப்போமே என்று பாட்டிலின் அடியை வெந்நீரில் வைத்தேன். தேன் இளகியது. கடுகளவுகூட இதற்குப் பெரிசு போல; குமிழி ஜோராக மேலே போய்விட்டது.

சப்பாத்தியும் ஆறிவிட்டது.