மெஸ் பில் எப்படி வருகிறது: நெல்லை, பாளை ஹாஸ்டல்களில் சேருகிறவர்களுக்கு

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்டு, பேட்டை, அபிஷேகப்பட்டி என்று எந்தப் பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தாலும், முதல் மெஸ் பில் வந்ததும் வீட்டிலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "சேரும்போது ஒரு ரூவா சொன்னாங்க, இப்ப வேற ரூவா வந்திருக்கே?" பெரும்பாலும் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சேரும்போது சொன்னது போன வருஷத்துச் சராசரி. இப்போது வந்திருப்பது டிவைடிங் கணக்கு, அதாவது மாதச் செலவைச் சாப்பிட்டவர்களின் நாட்களால் வகுத்து வருகிற தொகை.

டிவைடிங் இல்லாத இடங்களும் உண்டு. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் கல்லூரி விடுதிகளில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். 2025 ஜூலையில் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். தகுதி இருந்தால் முதலில் அங்கே விண்ணப்பம் போட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு வகை கான்ட்ராக்ட் மெஸ். மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. ருசி குறைந்தாலும் பில் குறையாது. டிவைடிங் மெஸ்ஸில் மாணவர் கமிட்டி இருக்கும், கணக்கு போர்டில் ஒட்டப்படும், கேள்வி கேட்க உரிமை உண்டு.

கணக்கு இப்படித்தான். 200 பேர் இருக்கும் ஹாஸ்டல், 30 நாள் மாதம் என்றால் மொத்தம் 6,000 சாப்பாட்டு நாள். லீவு போட்டு மெஸ் கட் (இல்லாத நாட்களுக்குப் பில்லில் கழிவு) வாங்கியவர்களின் நாட்களைக் கூட்டினால் 700 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 5,300. அந்த மாதச் செலவு 4,77,000 ரூபாய் என்றால், 5,300-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 90 ரூபாய். நீங்கள் 26 நாள் கணக்கில் இருந்தால் 2,340. அவ்வளவுதான் சூத்திரம். சண்டை எல்லாம் அந்த 4,77,000 எப்படி வந்தது, அந்த 5,300 எப்படி வந்தது என்பதில்.

முதலில் செலவு. மாத ஆரம்பத்தில் ஸ்டோரில் இருந்த சரக்கு, கூட அந்த மாதம் வாங்கியது, கழித்தல் மாதக் கடைசியில் மிஞ்சிய சரக்கு, இதுதான் செலவு. கடைசி நாள் இருப்பை யாரும் எடை போடாமல் 'சுமாராக' எழுதினால் அங்கேயே ஓட்டை. 29-ஆம் தேதி 20 மூட்டை அரிசி வந்து இறங்குகிறது என்று வையுங்கள். இப்போது கடைகளில் 26 கிலோ மூட்டைதான் அதிகம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அடைத்த மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டதும், மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக்கொண்டார்கள். ஆக 520 கிலோ, கிலோ 50 என்றாலும் 26,000 ரூபாய். இதை இருப்பில் காட்டாமல் அந்த மாதச் செலவில் சேர்த்துவிட்டால், 5,300-ஆல் வகுக்கும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 ரூபாய் ஏறிவிடும். அடுத்த மாதம் அதே அளவு குறைய வேண்டும். குறைந்ததா என்று பார்ப்பவர் யாரும் இல்லாத ஹாஸ்டலில் குறையாது. அதனால் மாதக் கடைசி நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் ரெப் (மாணவர் பிரதிநிதி) இரண்டு பேர் ஸ்டோர் கீப்பரோடு நின்று அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், சிலிண்டர் ஆகிய ஐந்தையும் எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடுகு, சீரகத்தை எல்லாம் எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பணம் நிற்பது இந்த ஐந்தில்தான்.

அடுத்து, ஆள் குறைந்தால் செலவும் குறையும் என்று நினைப்பது. அதே அளவுக்குக் குறையாது. சமையல் மாஸ்டருக்கும் உதவிக்கு நிற்கும் அக்காமார்களுக்கும் சம்பளம் மாறாது. மேலே சொன்ன செலவில் 1,50,000 சம்பளம் முதலான மாறாச் செலவு என்றால், மளிகை, காய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 62 ரூபாய்தான். ஸ்டடி ஹாலிடேஸில் கூட்டம் கலைந்து, அந்த மாதச் சாப்பாட்டு நாள் 2,500 ஆகிவிட்டால், மாறாச் செலவே தலைக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் வந்துவிடும். நாள் ரேட் 122-ஐத் தொடும். நவம்பர், ஏப்ரல் பில் எப்போதும் எகிறுவதற்கு இதுதான் காரணம். பரீட்சைக்கு ஸ்பெஷலாக யாரும் எதுவும் ஆக்கிப் போடுவதில்லை. சில ஹாஸ்டல்களில் சம்பளத்தை எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் என்று செமஸ்டருக்கு ஒருமுறை தனியாக வாங்கிவிடுவார்கள். அங்கே இந்த ஏற்றம் இருக்காது. சேரும் நாளில் ஆபீஸில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "மெஸ் பில்லுல சமையல்காரங்க சம்பளம் சேருமா, தனியா?"

மெஸ் கட் விதிகள் ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். பொதுவாக, தொடர்ந்து 3 முழு நாளாவது இல்லாமல் இருக்க வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், மாதத்துக்கு இவ்வளவு நாளுக்கு மேல் கிடையாது என்று வைத்திருப்பார்கள். மாட்டிக்கொள்வது 'முழு நாள்' என்ற இடத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, திங்கட்கிழமை காலை டிஃபனுக்கு வந்துவிட்டால் கணக்கில் இரண்டு நாள்தான், கட் கிடையாது. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்தபின் வந்தால் மூன்று. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் வாராவாரம் ஊருக்குப் போய்வந்தும் பில் ஏன் குறையவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

கடிதம் கொடுக்கும் நேரமும் முக்கியம். மறுநாள் சமையலுக்கான சரக்கை முந்தின நாள் மாலையே ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், இன்டென்ட் என்பார்கள். இன்டென்ட் எழுதிய பிறகு வரும் லீவு லெட்டர் அடுத்த நாளுக்குச் செல்லாது. காலையில் காலேஜுக்குக் கிளம்பும் முன்பே ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டு, பக்கத்தை போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். வார்டன் கையெழுத்துப் போட்டது அவுட்பாஸில் (வெளியே போகும் அனுமதிச் சீட்டில்) மட்டும் இருந்து மெஸ் ரிஜிஸ்டரில் ஏறாமல் போவது சர்வசாதாரணம். இரண்டும் வேறு வேறு புத்தகம், வேறு வேறு ஆள்.

சொல்லாமல் போகிறவர்களால் பில் மட்டும் ஏறுவதில்லை, சாப்பாடும் வீணாகிறது. மதியச் சோற்றுக்கு ஆண்கள் ஹாஸ்டலில் தலைக்கு 150 கிராம் அரிசி, பெண்கள் ஹாஸ்டலில் 110 முதல் 120 வரை போடுவார்கள். சாம்பாருக்குப் பருப்பு 25 கிராமுக்குக் கீழே போனால் தண்ணியாகத் தெரியும். 40 பேர் சொல்லாமல் போனால் 6 கிலோ அரிசி வடித்த சோறு அப்படியே நிற்கும். மாஸ்டர் அடுத்த முறை தாமாகவே கையைச் சுருக்குவார். அன்றைக்குப் பார்த்து எல்லோரும் இருப்பார்கள், கடைசியில் வந்தவனுக்குக் குழம்பு இருக்காது. "மெஸ்ஸில் சோறு பத்தல" என்ற புகாரைத் துருவினால், போன வாரம் யாரோ சொல்லாமல் போனதில்தான் போய் நிற்கும்.

இங்கே இதற்கென்றே ஒரு காலண்டர் உண்டு. வெளியூர்க்காரர் மெஸ் செக்ரட்டரி ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. பங்குனி உத்திரத்துக்கு நெல்லைச் சீமையில் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் குறைவு. எந்தக் காட்டுக்குள் இருந்தாலும் சாஸ்தாவைத் தேடி எல்லோரும் போவார்கள், ஹாஸ்டலில் ஆள் இருக்காது. நெல்லையப்பர் ஆனித் தேருக்கு உள்ளூர் விடுமுறை. மதியம் ஆள் இல்லை, ராத்திரி தேர் பார்த்துவிட்டு எல்லோரும் பசியோடு வருவார்கள். குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டவர்கள், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் என்று சைவச் சாப்பாட்டு எண்ணிக்கை அந்தந்த வாரங்களில் ஏறும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு டோக்கன் முறை வைத்திருப்பது இதற்குத்தான். கோழி தலைக்கு 150 கிராம் கணக்கில் வாங்குகிறார்கள். 30 பேர் மாலை போட்டிருப்பது தெரியாமல் வாங்கினால் நாலரைக் கிலோ அதிகம். ரமலான் நோன்பு மாதத்தில் சஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) என்ன ஏற்பாடு என்பதை நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். அதிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட ஆள் இல்லாத இடத்தில், ராத்திரியே சோறும் குழம்பும் தனியாக எடுத்து வைப்பார்கள். கோடையில் அதில் தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு வேண்டாம், விடிவதற்குள் ஊசிவிடும். புளிக்குழம்பு தாங்கும்.

இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. 200 பேருக்குத் தலைக்கு 4 என்றால் 800 இட்லி. அரிசி நாலு, உளுந்து ஒன்று என்ற கணக்கில் 16, 17 கிலோ அரிசியும் 4 கிலோவுக்குச் சற்று மேல் உளுந்தும் போகும். இந்தப் பக்கம் அம்பை 16 குண்டரிசி இட்லிக்கு நன்றாக வரும். சித்திரை, வைகாசியில் மத்தியானமே அரைத்து வைத்தால் ராத்திரியே பொங்கி, காலையில் புளித்து இட்லி தட்டையாகிவிடும். சாயங்காலம் ஆறுக்கு மேல்தான் அரைக்க வேண்டும். மார்கழியில் நேர் எதிர். மூன்று மணிக்கே அரைத்தால்தான் விடிய உப்பும். வருஷம் முழுக்க ஒரே நேரத்துக்கு அரைக்கிற மெஸ்ஸில் ஜனவரி இட்லி கல்லாக இருக்கும். அல்லது சோடா உப்பு போட்டிருப்பார்கள். மஞ்சள் பாரித்து, கடைவாயில் ஒரு வழவழப்பு நிற்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

தோசை ஏன் போடுவதில்லை என்று வருஷா வருஷம் மெஸ் மீட்டிங்கில் ஒருவர் எழுந்து கேட்பார். தலைக்கு 3 என்றால் 600 தோசை. பெரிய கல்லில் ஒரு ஈடுக்கு 8, ஈடுக்கு 3 நிமிஷம் என்று வைத்தாலும் 225 நிமிஷம். இரண்டு கல் போட்டால்கூட இரண்டு மணி நேரம் ஒருவர் அடுப்பை விட்டு நகர முடியாது. காலையில் அது நடக்காது. ஞாயிறு ராத்திரி, ஊருக்குப் போனவர்கள் திரும்பாத நேரத்தில், முடியும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

சொதியை எதிர்பார்த்து வருகிறவர்களும் உண்டு. மறுவீட்டுச் சாப்பாட்டில் போடுகிற சொதி அது. மூன்று முறை தேங்காய்ப்பால் எடுத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். 200 பேர் பாத்திரத்தில் அடிச்சூடே கொதிக்க வைத்துத் திரித்துவிடும். ஹாஸ்டல் டே அன்றைக்கு, வெளியிலிருந்து சமையல்காரர் வந்தால் கிடைக்கலாம், கூட இஞ்சித் துவையலோடு. மற்ற நாளில் மெஸ்ஸின் பலம் புளிக்குழம்பும் அவியலும்தான். டவுன் நயினார்குளம் மார்க்கெட்டில் காய் வாங்குகிற மெஸ்ஸில் அவியல் நன்றாகவே இருக்கும். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் கடன் சொல்லி வாங்குகிற மெஸ்ஸில் வாரம் முழுக்க முட்டைக்கோஸ். வீட்டிலிருந்து பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் மூன்றும் இருந்தால் முட்டைக்கோஸ் வாரத்தையும் ஓட்டிவிடலாம். எறும்புக்குத் தண்ணீர்த் தட்டில் டப்பாவை நிறுத்துங்கள்.

அறை தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தால் நடுமாடி. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை சித்திரையில் ராத்திரி பன்னிரண்டு வரை ஆறாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று மேற்கு ஜன்னல் அறைக்கு நன்றாகக் கிடைக்கும், ஆனால் அதே காற்றுதான் கிளிப் போடாத சட்டையை அடுத்த பிளாக்கில் கொண்டுபோய்ப் போடும். மெத்தையை விட பத்தமடைக் கோரைப்பாய் இந்த ஊர்ச் சூட்டுக்குத் தோதானது. மழைக்காலத்தில் மட்டும் சுவரோரம் நிறுத்தி உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீரில் ஆற்றுத் தண்ணி எந்தக் குழாய், போர் தண்ணி எந்தக் குழாய் என்று முதல் நாளே கேளுங்கள். தாமிரபரணித் தண்ணியில் சோப்பு உடனே நுரைக்கும். நுரைக்காமல் திரிதிரியாகப் போனால் போர். துணிக்கும் தலைக்கும் ஆற்றுத் தண்ணி வரும் நேரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்டோரில் பத்து நாள் அரிசியும் பருப்பும் தரையிலிருந்து உயர்த்திய பலகை மேல் இருக்கிறதா என்பதை மெஸ் ரெப் பார்த்து வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் ரயிலும் பஸ்ஸும் நின்று ஊரே துண்டானது. அப்படிப்பட்ட நாளில் பால் வராது, காய் வராது. அரிசி, பருப்பு, புளி, பால் பவுடர், கூட ஒரு நிரம்பிய சிலிண்டர் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம்.

கடைசியாக, காலி செய்யும்போது. காஷன் டெபாசிட்டில் (சேரும்போது கட்டிய, திரும்பக் கிடைக்கும் முன்பணத்தில்) கடைசி மாத மெஸ் பில்லைக் கழித்துக்கொண்டுதான் மிச்சம் தருவார்கள். அந்தப் பில் உங்கள் பரீட்சை முடிந்து பல நாள் கழித்துத்தான் போடப்படும், அதுவும் மேலே சொன்ன 122 ரூபாய் மாதமாக இருக்கும். அறையில் ஃபேன், டியூப்லைட், கட்டில் பலகை மூன்றையும் சேரும் நாளிலேயே படம் எடுத்து வைத்திருந்தால் உடைசல் கணக்கு உங்கள் தலையில் விழாது. நோ டியூஸில் (பாக்கி இல்லை என்ற படிவத்தில்) லைப்ரரி, மெஸ், ஆபீஸ் மூன்று கையெழுத்தும் வாங்கி, பாஸ்புக் முதல் பக்க நகலோடு ரிஃபண்ட் விண்ணப்பத்தை ஊருக்குக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு இன்வர்ட் நம்பர் (ஆபீஸ் பதிவு எண்) கேட்டு வாங்குங்கள். மெஸ் ரசீதுகளை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். ஹாஸ்டலில் தங்கியவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பம் பாக்கி இருந்தால் அதற்குத் தேவைப்படும்.