200 அடிக்குள் இருப்பவர்கள்

நியூ ஜெர்சியில் ஒரு டவுன்ஷிப் அலுவலகத்தில் வேலை, ஜோனிங் போர்டுக்கு செகரட்டரி என்று சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ அப்ரூவல் எல்லாம் உங்க கையிலதானா?" இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக உரசும். என் கையில் இருப்பது ஃபைல் மட்டும்தான். கட்ட வேண்டியது விண்ணப்பக் கட்டணமும், போர்டின் இன்ஜினியர், வக்கீல் ஆகியோரின் செலவுக்கு முன்பணமாகப் போடும் எஸ்க்ரோவும். ரசீது உண்டு.

இந்த மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள். எந்தத் தெருவில் வீடு, எங்கே கடை, எங்கே கிடங்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே ஜோன் பிரித்து வைத்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக மேலே இருப்பது 1975-ல் வந்த மாநில நிலப் பயன்பாட்டுச் சட்டம். "என் இடத்தை கமர்ஷியலா மாத்திக் குடுங்க" என்று கவுண்டருக்கு வருபவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, அதை ஜோனிங் போர்டால் செய்ய முடியாது என்பதைத்தான். ஒரு பகுதியின் ஜோனையே மாற்றுவது டவுன்ஷிப் கவுன்சிலின் வேலை. ஆர்டினன்ஸ், அதாவது ஊர் அளவிலான சட்டம் கொண்டுவந்து, அதை பிளானிங் போர்டுக்கு அனுப்பி, ஊரின் மாஸ்டர் பிளானுக்கு ஒத்துப்போகிறதா என்று 35 நாளுக்குள் கருத்து கேட்க வேண்டும். சாதாரணமாக, அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கும் எல்லையிலிருந்து 200 அடிக்குள் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் கடிதம் போக வேண்டும். பாதிக்கப்படும் நிலத்தில் 20 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் எழுத்தில் எதிர்த்தால், கவுன்சிலில் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

ஜோனிங் போர்டு கொடுப்பது வேரியன்ஸ். ஜோன் அப்படியே இருக்கும். இந்த ஒரு மனைக்கு மட்டும், இந்தக் காரணத்துக்காக, இந்த நிபந்தனைகளோடு ஒரு விதிவிலக்கு. பெரிய நிலத்துக்கு வேரியன்ஸ் என்ற பெயரில் ரீஜோனிங்கையே பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தால் கோர்ட் அடித்துவிடும். 1978-ல் டோவர் டவுன்ஷிப் வழக்கில் அப்படித்தான் ஆனது. போர்டில் ஏழு உறுப்பினர்கள், அதற்கு மேல் நான்கு மாற்று உறுப்பினர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர் நிர்வாகத்தில் தேர்தலில் நின்று வந்த பதவி எதிலும் இருப்பவர் இதில் உட்கார முடியாது. எங்கள் ஊரில் இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் ஓய்வுபெற்ற பிளம்பர், ஒருவர் மருந்துக் கம்பெனிக்காரர். வீட்டு ஜோனில் கடை போடுவது மாதிரியான பயன்பாட்டு வேரியன்ஸுக்கு ஐந்து ஓட்டு வேண்டும். அன்று ஐந்து பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஐந்துக்கு ஐந்தும் விழ வேண்டும். விவரமான வக்கீல் உள்ளே நுழைந்ததும் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாதம் வருகிறோம்" என்று கிளம்பிவிடுவார்.

என் வேலையின் பெரும்பகுதி ஹியரிங்குக்கு முன்னாலேயே முடிந்துவிடும். விண்ணப்பதாரர் கேட்டால் 200 அடிக்குள் இருக்கும் சொத்துக்காரர்களின் பட்டியலை ஏழு நாளில் சான்றளித்துக் கொடுக்க வேண்டும். கட்டணம் பெயருக்கு 25 சென்ட் அல்லது 10 டாலர், எது அதிகமோ அது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்னால், நேரில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அல்லது சர்டிஃபைட் மெயிலில் அனுப்பியிருக்க வேண்டும். பொது அறிவிப்பாகவும் வெளிவர வேண்டும்.

ஹியரிங்குக்கு முன்தினம் என் மேஜையைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தபால் நிலையத்தின் வட்ட முத்திரை விழுந்த வெள்ளைச் சீட்டுகள். பக்கத்தில் கையெழுத்தாகித் திரும்பி வந்த பச்சை அட்டைகள். சிலவற்றில் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிலவற்றில் அடுத்த வீட்டுக்காரர் போட்டிருப்பார். பொது அறிவிப்பு வெளியானதற்கான பிரமாணப் பத்திரம் தனியாக. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பிளாக் எண், லாட் எண் என்று ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். எல்லாம் சரியாக இருந்தால்தான் போர்டின் வக்கீல் மைக்கில், இந்த வழக்கைக் கேட்க போர்டுக்கு அதிகாரம் இருக்கிறது என்பார். அந்த வாக்கியம் வரும்வரை வேறு எதுவும் ஆரம்பிக்காது.

ஒருமுறை ஊர் எல்லையில் இருந்த மனைக்கு விண்ணப்பம். 200 அடி வட்டத்தில் பாதி பக்கத்து ஊரில் விழுகிறது. விண்ணப்பதாரரின் வக்கீல் எங்கள் ஊர்ப் பட்டியலோடு நிறுத்திவிட்டார். பக்கத்து ஊர்ப் பட்டியலையும் வாங்கவில்லை, அந்த ஊர் கிளார்க்குக்கும் தகவல் போகவில்லை. சிவில் இன்ஜினியர், டிராஃபிக் இன்ஜினியர், பிளானர் என்று மணிக்கணக்கில் பில் போடுகிறவர்கள் மூன்று பேர் வரைபடச் சட்டங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் எல்லோரும் திரும்பிப் போனார்கள். விண்ணப்பதாரர் என்னை முறைத்தார். அவருக்கு அது தபால் விஷயம். ஆனால் அன்று ஹியரிங் நடந்து அவருக்குச் சாதகமாகவே முடிந்திருந்தாலும், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கோர்ட்டுக்குப் போயிருந்தால் மொத்தமும் செல்லாமல் போயிருக்கும்.

நோட்டீஸ் போனால் மட்டும் போதாது, அதில் எழுதியிருப்பது சாதாரண மனிதருக்குப் புரிய வேண்டும். லேசி டவுன்ஷிப்பில் நிலத்தை மூன்று வணிக மனைகளாகப் பிரிக்கப்போவதாக மட்டும் நோட்டீஸ் சொன்னது. அங்கே வரப்போவது கே-மார்ட் ஷாப்பிங் சென்டர் என்பது அதில் இல்லை. 1996-ல் அப்பீல் கோர்ட் அந்த நோட்டீஸ் செல்லாது என்றது. இன்றும் யாராவது வளவளவென்று ஒரு நோட்டீஸ் வரைவைக் கொண்டுவந்தால் எங்கள் வக்கீல் கேட்பது, "இதில் கே-மார்ட் எங்கே?"

யார் எதை வெளியே சொல்ல வேண்டும் என்ற விதிகள் இரண்டு பக்கமும் உண்டு. விண்ணப்பிப்பது கம்பெனியோ பார்ட்னர்ஷிப்போ என்றால், ஆறு மனையாகவோ அதற்கு மேலோ பிரிப்பது, 25 வீடோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புக்கான வேரியன்ஸ், வணிகக் கட்டடம் போன்றவற்றில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் எல்லோருடைய பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். அந்தப் பங்கை வைத்திருப்பது இன்னொரு கம்பெனி என்றால் அதற்குள் யார், அதற்கும் உள்ளே யார் என்று மனிதப் பெயர் வரும்வரை போக வேண்டும். பட்டியல் இல்லாமல் போர்டு அனுமதி தரக்கூடாது. பெயரை மறைத்தால் 1,000 முதல் 10,000 டாலர் வரை அபராதம். ஓட்டை இல்லாமல் இல்லை. பதினொரு சித்தப்பா பிள்ளைகள் சேர்ந்து ஆளுக்கு 9 சதவீதத்துச் சொச்சம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு பெயரும் வெளியே வராது. சட்டப்படி எல்லாம் சரி.

அந்தப் பட்டியலைப் போர்டு உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். கோடீஸ்வரர் யார் என்று பார்ப்பதற்கு இல்லை. மச்சான் பெயரோ பழைய முதலாளி பெயரோ அதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான். உறுப்பினர்களும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள் நிதி விவரப் படிவம் கொடுக்க வேண்டும். 1991-ன் உள்ளாட்சி நெறிமுறைச் சட்டப்படி, 2,000 டாலருக்கு மேல் வருமானம் வரும் ஒவ்வொரு இடத்தையும் அதில் எழுத வேண்டும். எவ்வளவு என்று வேண்டாம், எங்கிருந்து என்றால் போதும். மனைவி அல்லது கணவரின் வருமானமும் சேர்த்தி. யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். "காசு வாங்காமல் வேலை செய்கிறேன், என் மனைவி எங்கே வேலை பார்க்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா?" என்று அந்த பிளம்பர் வருடா வருடம் என்னிடம் கத்திவிட்டு, 29-ம் தேதி இரவு நிரப்பிவிடுவார். கொடுக்காவிட்டால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம்.

இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றுவது, படிவங்களில் பிடிபடுவது பணம் மட்டும்தான். சின்ன ஊரில் உண்மையான சிக்கல் பழக்கம். கார்ஃபீல்டு நகரத்தில் விண்ணப்பித்தவர்கள் ஒரு டாக்டர் குடும்பம். போர்டு உறுப்பினர்களோ அவர்கள் வீட்டாரோ அந்த டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம், டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க உறவு இருந்தால் அந்த உறுப்பினர் ஓட்டுப் போடக்கூடாது, போய் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. மான்ட்கிளேர் வழக்கு 2015-ல். ரீஜோனிங் செய்ய இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்ச். அப்படி 200 அடிக்குள் இடம் வைத்திருக்கும் அமைப்பில் சாதாரண உறுப்பினராக இருப்பதில் தவறில்லை. முக்கியமான நிர்வாகப் பொறுப்பில் இருந்தாலோ, சீக்கிரமே அந்தப் பொறுப்புக்கு வரப்போகிறவர் என்றாலோ விலக வேண்டும் என்பது தீர்ப்பு.

எங்கள் ஊரில் ஒரு கோயில் மண்டபம் கட்ட விண்ணப்பித்தபோது அந்தத் தீர்ப்பின் கடைசி வரி நேராக வந்து உட்கார்ந்தது. போர்டில் நம்மவர் ஒருவர் இருந்தார், அந்தக் கோயிலின் அன்னதானக் குழுவில் தொண்டு செய்பவர். நானும் அங்கே போகிறவள்தான். ஓட்டு இல்லாவிட்டாலும் அதை எழுதி ஃபைலில் வைத்துவிட்டேன். ஹியரிங் ஆரம்பிப்பதற்கு முன் போர்டின் வக்கீல் அவரிடம் பதிவாகும்படி கேட்டார்: கோயில் கமிட்டியில் ஓட்டு உண்டா? இல்லை. பணப் பொறுப்பு? இல்லை. டிரஸ்டியாகும் பேச்சு ஏதாவது? அவர் கொஞ்சம் தயங்கினார். "கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் சரி என்று சொல்லவில்லை." அவ்வளவுதான். நாற்காலியை விட்டு எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போனார். மாற்று உறுப்பினர் வந்து உட்கார்ந்தார்.

இடைவேளையில் கோயில்காரர்களில் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, நமக்குன்னு இருந்தது அந்த ஒரு ஓட்டு. அதையும் எழுப்பி வெளிய அனுப்பிட்டீங்களே?" நான் பின்வரிசையில் மஞ்சள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஆளைக் காட்டினேன். எதிர்ப்பாளர்கள் வைத்திருந்த வக்கீல். "ஐயா, அவர் உட்கார்ந்து ஓட்டுப் போட்டிருந்தா நாளைக்கு இவர் கோர்ட்ல முதல் பக்கத்துல அதைத்தான் எழுதியிருப்பார்." விலக வேண்டிய ஒருவர் கலந்துகொண்டாலே போதும், மற்ற ஓட்டுகள் எத்தனை இருந்தாலும் முடிவு விழுந்துவிடும். பெரியவர் பாதி ஏற்றுக்கொண்டது போலத்தான் தெரிந்தது.

எதிர்த்து வந்தவர்கள் ஒரு கட்டுக் கையெழுத்து மனுவைக் கொண்டுவந்தார்கள். போர்டு அதைச் சாட்சியமாக வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டவரைக் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது என்பது காரணம். பேச வேண்டுமா, வந்து சத்தியம் செய்துவிட்டுப் பேசு. சும்மா இல்லை இந்தக் கறார். பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் ஒரு மசூதி விண்ணப்பம் பிளானிங் போர்டில் 39 ஹியரிங் நடந்து 2015 டிசம்பரில் நிராகரிக்கப்பட்டது. சர்ச்சுகளுக்கு ஒரு பார்க்கிங் கணக்கு, மசூதிக்கு ஒரு கணக்கு என்று ஃபெடரல் கோர்ட் கண்டது. 2017-ல் ஊர் 32.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. எங்கள் கோயில் ஹியரிங்கிலும் பேச்சு முழுக்க பார்க்கிங்தான். கோயிலின் டிராஃபிக் இன்ஜினியரை ஒரு பக்கத்து வீட்டுப் பாட்டி, "தீபாவளி அன்று வந்து எண்ணினீர்களா?" என்று கேட்டார். அவர் எண்ணியது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. திருவிழா நாட்களில் பக்கத்துப் பள்ளியில் கார்களை நிறுத்திவிட்டு வேனில் ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வந்தது. வக்கீல் வைக்காமல், தானே எழுந்து நின்று கேட்டது.

கடைசியில் அனுமதி கிடைத்தது. கைதட்டினார்கள், என் மேஜைக்கே லட்டு வந்தது. வாங்கக்கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது ஓட்டு எண்ணுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஓட்டு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. எழுத்தில் தீர்மானம் வர 45 நாள் வரை ஆகலாம். அப்புறம் பொது அறிவிப்பு. அது வெளிவந்த நாளிலிருந்து இன்னொரு 45 நாள், யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். அதற்குள் கட்ட ஆரம்பித்தால் சொந்தப் பொறுப்பில்தான். அதே பெரியவர் ஃபோன் செய்தார், குருக்கள் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டாராம். காலண்டரைப் பார்த்தேன், அந்த 45 நாளுக்குள்ளேயே விழுந்தது. பூஜை தாராளமாகச் செய்யுங்கள், ஜேசிபியை மட்டும் கூப்பிடாதீர்கள் என்றேன். "அப்படின்னா அடுத்த நல்ல நாள் தையிலதான்மா" என்றார். தையிலேயே வைத்துக்கொண்டார்கள்.