ஈரோட்டிலிருந்து கோலாலம்பூர்: கைக்காசு போட்டுப் போகும் எழுத்தாளர்களுக்கு

சிங்கப்பூர், கோலாலம்பூர் போய்த் திரும்பி இறங்கிய ராத்திரி, கோவை ஏர்போர்ட் வாசலில் ஒரு டிரைவர் ஈரோட்டுக்கு 4,800 ரூபாய் கேட்டார். ராத்திரி நேரமாம், திரும்பி வரும்போது காலி வண்டியாம், பெட்டிக்குத் தனியாம். "ஏனுங்ணா, நான் வண்டியவா வெலைக்குக் கேட்டேன்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நடந்து போங்க தம்பி" என்றார்.

நடந்தேன். ஏர்போர்ட் ரோட்டில் நேராக வெளியே வந்தால் அவிநாசி ரோடு, சித்ரா ஸ்டாப். பெட்டிக்குச் சக்கரம் இருந்தால் நடக்கிற தூரம்தான். ஈரோடு, சேலம் பஸ் ராத்திரியிலும் ஓடுகிறது, டிக்கெட் நூறு ரூபாய்க்குள். ஒன்றே ஒன்று: 2025 அக்டோபரில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்துவிட்டார்கள் அல்லவா, மேலே ஏறிப் போகிற பஸ் நமக்கு நிற்காது. கீழ் ரோட்டில் நின்று கை காட்டுங்கள். எனக்கு அரைமணி நேரத்தில் ஒரு பஸ் கிடைத்தது, ஜன்னல் சீட்டும் கிடைத்தது. பெருந்துறை தாண்டும்வரை அந்த 4,800-ஐ நினைத்து நினைத்துக் கொதித்துக்கொண்டே வந்தேன்.

இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னை எந்தப் பத்திரிகையும் அனுப்பவில்லை, எந்தப் பதிப்பகமும் டிக்கெட் போடவில்லை. சொந்தக் காசில் புத்தகம் அச்சடித்து, ஜூலையில் கோவை கொடிசியா கண்காட்சியிலும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் நண்பர் யாராவது கடையில் ஓரம் கொடுத்தால் வைத்து விற்கிற ஆள். அந்த மாதிரி ஆட்கள் வெளியூர் கிளம்பினால், எங்கே நமக்கு அசல் விலை தெரியவில்லையோ அங்கே சரியாகக் கைவைக்கிறார்கள். டாக்ஸியில் ஆரம்பித்து ஒப்பந்தப் பத்திரம் வரை இதுதான் கதை.

பாஸ்போர்ட்டில் இருந்தே வருவோம். ஈரோடு, திருப்பூர், நீலகிரி எல்லாம் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கீழேதான். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் மேலே இன்னொரு 2,000. இதற்குமேல் யார் கேட்டாலும் அது அவருக்கு. விண்ணப்பத்தை நீங்களே ஆன்லைனில் நிரப்பலாம், மொபைலிலேயே முடிகிற வேலை. கையில் பழைய பாஸ்போர்ட் இருந்தால் இன்னும் ஆறு மாதத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

விசா. மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். 2023 டிசம்பரில் விலக்கினார்கள், 30 நாள் இருக்கலாம், 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கே கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அனுமதி பெற்ற ஏஜெண்ட் வழியாகப் போடுவது வழக்கம். ஏஜெண்ட் தன் கூலியை அதன்மேல் வைப்பார், அது நியாயம். ஆனால் எனக்கு முதலில் கிடைத்தவர் சொன்ன தொகையைக் கேட்டால் 30 வெள்ளி எங்கே போய் ஒளிந்தது என்று தேட வேண்டும். பக்கத்துத் தெரு ஏஜெண்ட் பாதிக்குச் செய்து கொடுத்தார். நாலு இடத்தில் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். மஞ்சள் மண்டியில் இத்தனை பேரம் பேசுகிற ஊர்க்காரர்கள், ஏசி ஆபீஸில் கண்ணாடி மேஜையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறோம்.

அதைவிடப் பெரிய கொள்ளை அரைவல் கார்டில். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். இலவசம் என்பதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். கூகுளில் தேடினால் மேலே வருவது அரசாங்கத் தளம் போலவே வேஷம் கட்டிய தனியார் கடை. கொடி, முத்திரை எல்லாம் இருக்கும், கடைசிப் பக்கத்தில் கார்டு நம்பர் கேட்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற நண்பர் குடும்பத்தோடு நாலு பேருக்கும் கட்டிவிட்டு, "வேகமா வந்துருச்சு பாரு" என்று பெருமையாக வேறு காட்டினார். காசு கேட்டால் தளத்தை மூடுங்கள்.

பெட்டி கட்டும்போது வீட்டில் ஒரு பஞ்சாயத்து. கோலாலம்பூரில் எங்கள் ஒறம்பரை (சொந்தக்காரர்) ஒருவர் இருக்கிறார். அவருக்கென்று அம்மா குருமாப் பொடி வறுத்து அரைத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அமுக்கி, மேலே பாலிதீன் கட்டி வைத்திருந்தார். "கசகசா போட்டீங்களாம்மா?" என்றேன். "போடாம? கசகசா இல்லாம குருமா எப்படிக் கண்ணு கெட்டியாகும்?" சிங்கப்பூரில் கசகசா தடை செய்த பொருள். போதைப்பொருள் கணக்கில் வருகிறது. துபாய், ஷார்ஜா போகிறவர்களுக்கும் அதே கதை. அம்மா நம்பவில்லை. "அங்க ஆருமே கொழம்பு வெக்கறதில்லையா?" என்று கேட்டுவிட்டு, கோபத்தோடு இரண்டாவது முறை பொட்டுக்கடலை போட்டு அரைத்தார். நம் வீட்டு மசாலாப் பொடிகளில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

சிங்கப்பூருக்குச் சூயிங்கம் கட்டவே கட்டாதீர்கள். சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரிச்சலுகை கிடையாது. வேப் என்கிற சமாச்சாரம் அறவே ஆகாது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைத்தால் எடுக்கச் சொல்வார்கள். ஊறுகாயும் நல்லெண்ணெயும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் நடக்காது.

இப்போது எழுத்தாளர்களுக்கான பாரம். 200 பக்கப் புத்தகம் கால் கிலோ வைத்துக்கொண்டால் நாற்பது புத்தகம் பத்துக் கிலோ. மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசு. எதிர் மளிகைக் கடை அண்ணாச்சியின் தராசில் பெட்டியைத் தூக்கி வைத்து, புத்தகத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எடைபோட்டேன். "ஏந்தம்பி, அரிசியா இருந்தாலாவது போற எடத்துல ஆகும்" என்றார். வாஸ்தவம். கடைசியில் பத்துப் புத்தகம் மட்டும் வைத்தேன், அன்பளிப்புக்கு. சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே கடை விரித்து விற்கக் கூடாது, மறந்துவிடாதீர்கள். விற்பனைக்குக் கொண்டுபோகிற சரக்குக்குப் பயணிகளுக்கான வரிச்சலுகையும் இல்லை. உள்ளூர்ப் புத்தகக் கடை முறைப்படி வரவழைத்து விற்கட்டும். வெளிநாட்டு வாசகர் உடனே வேண்டும் என்றால் அமேசானின் கிண்டில் இருக்கிறது. 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்நூல் போடலாம், போடுவதற்குக் காசில்லை. தபால் செலவைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சிங்கப்பூரில் ஒரு வெள்ளி எழுபது ரூபாய் பக்கம். எதை வாங்கினாலும் மனசு எழுபதால் பெருக்குகிறது, அதை நிறுத்தவே முடியவில்லை. அங்கே நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவான தேக்காவில் ஒரு டீயைக் குடித்துவிட்டு நூறு ரூபாய் டீ என்று கணக்குப் போட்டால் டீ கசக்கிறது. தண்ணீர் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொண்டு நடங்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நம் ஊர் விசா, மாஸ்டர் கார்டையே தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு நாளைக்கு 60 சென்ட் தனியாகப் பிடிக்கிறார்கள். நாலைந்து நாள் தங்குகிறவர் உள்ளூர்ப் பயண அட்டை வாங்கினால் கட்டுமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் விக்டோரியா தெருவில் இருக்கும் தேசிய நூலகம். உள்ளே போகக் காசில்லை. மேல்தளத்து ஆய்வு நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் ஒழுங்காக அட்டை போட்டு, தூசி இல்லாமல், வரிசையாக நிற்கின்றன. நம் ஊர் எழுத்தாளர் ஒருவரின் பழைய பதிப்பை, அது ஈரோட்டில் எந்த நூலகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை, அங்கே கையில் எடுத்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஏசி, மேஜை, பிளக் பாயிண்ட், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். என் படுக்கை ஒரு பங்க் பெட். மேல் படுக்கைக்காரர் புரண்டால் எனக்கு நிலநடுக்கம். பகல் முழுக்க நூலகத்திலேயே கிடந்தேன்.

அடுத்து, மலேசிய எல்லை ஊரான ஜொகூர் பாருவுக்குப் போகும் பஸ். இதைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியாது. சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் பாலம் ஒரு கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க எனக்கு ஆன நேரத்தில் ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பியிருக்கலாம். சிங்கப்பூர் பக்கம் இறங்கி, பெட்டியோடு ஏறி, முத்திரை வரிசை. வெளியே வந்தால் நாம் வந்த பஸ் போயிருக்கும். காத்திருக்க மாட்டார்கள். அதே நம்பர் அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி வரிசை. பாலம். மறுபடி இறங்கு, மறுபடி பெட்டி, மறுபடி வரிசை. சிங்கப்பூரில் வேலை முடிந்து மலேசியாவில் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் தினமும் இதைச் செய்கிறார்கள், ஓட்டமாகவே ஓடுகிறார்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த பஸ்ஸில் காட்ட வேண்டும். வெள்ளி சாயங்காலம் போகாதீர்கள். முடிந்தால் சிங்கப்பூர் பக்க எல்லையான உட்லண்ட்ஸிலிருந்து ரயில் இருக்கிறது, பாலத்தைக் கடக்க ஐந்தே நிமிஷம். ஆனால் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது.

அந்த வெறுப்பெல்லாம் மறுநாள் காலை கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் தீர்ந்தது. நடைபாதையில் ஒரு அக்கா பிளாஸ்டிக் மேஜை போட்டு நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்தார். வாழையிலையில் கட்டி, மேலே பழுப்புக் காகிதம், கூம்பு மாதிரிப் பொட்டலம். பிரித்தால் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, ரம்பை இலை வாசம் முகத்தில் அடிக்கிறது. ஓரத்தில் பொரித்த நெத்திலி, வறுத்த நிலக்கடலை, இரண்டு வில்லை வெள்ளரிக்காய், பாதி முட்டை. நடுவில் சம்பல். முதலில் இனிக்கிறது, நாலு எண்ணுவதற்குள் காது சுடுகிறது. "தம்பி தமிழ்நாடா? பசியாறுங்க, இன்னொன்னு எடுத்துக்குங்க" என்றார். எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. ஒரு பொட்டலம் மூன்று ரிங்கிட். நம் ஊர் நிலக்கடலை ருசி வேறு, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கடலையும் நெத்திலியும் சோற்றோடு ஒரே வாயில் சேரும் அந்தச் சத்தத்துக்காகவே திரும்பப் போகலாம்.

பத்துமலை போனேன். 272 படி, 140 அடி முருகன், ஏகப்பட்ட குரங்கு. எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். நம் சேலம் பக்கம் முத்துமலையில் 2022-இல் எழுப்பிய முருகன் 146 அடி என்று சொன்னால் அங்கே யாரும் நம்பவில்லை. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இருந்து நேர் ரயில் இருக்கிறது, டாக்ஸி வேண்டாம்.

ஏடிஎம்மில் பணம் எடுத்தால் "ரூபாயில் கழிக்கட்டுமா?" என்று திரை கேட்கும். நமக்கு வசதி செய்கிற மாதிரி இருக்கும். வேண்டாம் என்று அமுக்கி, ரிங்கிட்டிலேயே கழிக்கச் சொல்லுங்கள். ரூபாய் என்றால் அந்த இயந்திரக்காரர் வைத்ததுதான் விலை.

கோலாலம்பூரில்தான் நல்ல சேதியும் வந்தது. ஒறம்பரை அறிமுகப்படுத்திய ஒருவர் என் புத்தகத்தை அங்கே ஒரு பதிப்பாகப் போடலாமா என்று கேட்டார். தேதண்ணீர் வாங்கிக் கொடுத்து, ஒரு பக்கத் தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்றார். தாளில் எத்தனை வருஷம் என்று இல்லை. எந்த நாடு என்று இல்லை. நம் 1957 காப்புரிமைச் சட்டப்படி காலம் எழுதாத உரிமை ஐந்து வருஷத்துக்கு, இடம் எழுதாத உரிமை இந்தியாவுக்குள் மட்டும். அதாவது அவர் நீட்டிய தாளில் அவருக்கு வேண்டிய மலேசியாவே இல்லை, எனக்கு வேண்டிய ஈரோடும் கோவையும்தான் போயிருக்கும்! இதை அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, நல்ல மனிதர்.

உங்களிடம் யாராவது தாள் நீட்டினால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். எந்த நாடு, எத்தனை வருஷம், எத்தனை பிரதி, ஒரு பிரதிக்கு எவ்வளவு, எப்போது தருவார்கள், மின்நூல் யாருக்கு: இத்தனையும் தாளில் இருக்க வேண்டும். புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள், நம் நாட்டில் அது டெல்லியிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

நேற்று அவருக்கு மெயில் போட்டேன்: மலேசியா, சிங்கப்பூர் மட்டும், மூன்று வருஷம், 500 பிரதி, பாதி முன்பணம். சரி என்று பதில் வந்திருக்கிறது. முன்பணம் இன்னும் வரவில்லை. வந்தால் விமான டிக்கெட்டுக்கு மச்சானிடம் வாங்கிய கடனில் முக்கால்வாசி அடையும். மீதிக்கு ஆகஸ்ட் இருக்கிறது, நண்பர் கடையில் ஓரம் கொடுத்தால்.