ஓபோனுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று

தீபாவளிப் படம், பொங்கல் படம் என்று வளர்ந்தவர்களுக்கு ஜப்பானின் தோரா-சான் படவரிசை உடனே பிடிபட்டுவிடும். 1969 ஆகஸ்டில் தொடங்கி 1995 டிசம்பர் வரை 48 படங்கள். எல்லாவற்றிலும் நாயகன் தோராவாக நடித்தவர் கியோஷி அட்சுமிதான். இரண்டைத் தவிர மற்றதெல்லாம் யோஜி யமடா இயக்கியவை. எண்பதுகளின் கடைசிவரை பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு: ஆகஸ்டில் முன்னோர்களை வரவேற்கும் ஓபோன் பண்டிகைக்கு ஒன்று, டிசம்பர் கடைசியில் புத்தாண்டுக்கு ஒன்று.

டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியேறிய புதிதில் எனக்கு எந்தப் பண்டிகையும் பண்டிகையாகத் தெரியவில்லை. பொங்கலன்று அலுவலகம் இருக்கும். ஓபோன் வாரத்தில் உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அப்படியொரு ஆகஸ்டில் கீழ்வீட்டுப் பாட்டி தன்னிடமிருந்த டிவிடிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புத்தாண்டுப் படத்தையும் கேட்டேன். "அதை டிசம்பரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அலமாரியை மூடிவிட்டார்.

அவர் வீட்டில்தான் ஓபோனையும் முதலில் பார்த்தேன். வெள்ளரிக்காய்க்குக் குச்சிக் கால் வைத்தால் குதிரை. கத்தரிக்காய்க்கு வைத்தால் மாடு. முன்னோர்கள் வீட்டுக்கு விரைந்து வரக் குதிரை, மெதுவாகத் திரும்பிப் போக மாடு. மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நம் ஊரில் பண்டிகைக்கும் படத்துக்கும் பொதுவானது வெளியாகும் தேதி மட்டும்தான். கதைக்குள் தீபாவளி வந்தே ஆகவேண்டும் என்றில்லை. தோரா-சான் படங்களில் பண்டிகைக் காலம் கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. கோடைப் படம் கொளுத்தும் வெயிலில், சில்வண்டு இரைச்சலில் முடியும். குளிர்காலப் படம் புத்தாண்டு நாளிலேயே போய் நிற்கும். டோக்கியோவின் ஷிபமாட்டாவில் இருக்கும் தோரா குடும்பத்தின் கொழுக்கட்டைக் கடைக்கு வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வருவார்கள். தங்கை சகுராவுக்கு அண்ணனின் வாழ்த்து அட்டை வந்திருக்கும். அண்ணனோ எங்கோ தொலைதூரக் கோயில் வாசலில் கடை விரித்துக் கூவிக்கொண்டிருப்பான். தோரா திருவிழாக் கடை போட்டுப் பிழைப்பவன். ஊரே வீடு திரும்பும் நாள்தான் அவனுக்கு வியாபார நாள். வீட்டுக்கு வந்தாலும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். பண்டிகை நாளில் வீட்டில் இல்லாத ஒருவனைப் பண்டிகைதோறும் ஒரு நாடே தேடிப்போய்ப் பார்த்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஷிபமாட்டா எங்களுக்குத் தொலைவில்லை. தகசாகோவில் ரயில் மாறினால் அடுத்த நிலையம். நிலைய வாசலில் 1999-இல் தோராவுக்குச் சிலை வைத்தார்கள், கையில் பெட்டியோடு திரும்பிப் பார்க்கிறான். அவனை வழியனுப்பும் சகுராவுக்கு 2017-இல்தான் சிலை வந்தது. இத்தனை ஆண்டுகள் அவளை விட்டுவைத்திருக்கவே கூடாது.

இப்போது இணையத்தில் இந்தப் படங்களை ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிதாக இங்கு வருபவர்களிடம் ஆகஸ்டில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று பார்க்கச் சொல்கிறேன். டிசம்பரில் இன்னொன்றும் சொல்வேன்: 25-ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்தால் வாழ்த்து அட்டை சரியாக ஜனவரி 1 அன்று போய்ச்சேரும். கீழ்வீட்டுப் பாட்டிக்கு நான் எழுதுவது அப்படித்தான் போகிறது, ஒரே கட்டடத்தில் இருந்தும்.