15 மைக்ரானுக்குள் நுழையாத நியூட்ரான்

புவியீர்ப்பில் நியூட்ரான் குவாண்டம் அலைபோல நடப்பதைக் காட்டிய சோதனை இது; பிரான்சின் கிரெனோபிளில் நடந்து, 2002இல் முடிவு வெளியானது. கீழே மெருகேற்றிய கண்ணாடி, மேலே சொரசொரப்பான தகடு, நடுவே மெல்லிய சந்து. நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் மீக்குளிர் (மிக மெதுவான) நியூட்ரான்களைக் கிடைமட்டமாக விட்டு, சந்தின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மறுமுனையில் எண்ணினார்கள். வெறும் பந்துகள் என்றால் சந்து திறந்ததுமே சில வந்திருக்கும். ஆனால் சுமார் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை! காரணம், நியூட்ரான் அலையும்கூட; ஈர்ப்பில் அதன் அடிநிலை அலைக்கே, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கே, அவ்வளவு இடம் தேவை. அந்த நிலையின் ஆற்றல் வெறும் 1.4 பிக்கோ எலக்ட்ரான்வோல்ட் (பிக்கோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு).

மேல்தகட்டில்தான் சூட்சுமம். அது வழவழப்பாக இருந்தால் நியூட்ரான் அதிலும் பட்டுத் திரும்பி, சந்து வெறும் குழாயாகிவிடும். சொரசொரப்பு சிதறடிப்பதால்தான் உயரே எழும்புபவை கழிகின்றன. எலக்ட்ரானை வைத்து இதைச் செய்ய முடியாது. சிறு மின்புலமே ஈர்ப்பை மூழ்கடித்துவிடும். நியூட்ரானுக்கும் காந்தத் திருப்புத்திறன் (சிறு காந்தம்போல் நடக்கும் தன்மை) உண்டு, அதனால் காந்தக் கவசம் அவசியம். தரை அதிர்வையும் அடக்கியாக வேண்டும்.