அவன் கேட்டது சோறு

என் மகன் முதல் வகுப்பில் சேர்ந்த இரண்டாம் மாதமே பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மதிய உணவு வேளையில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து ‘தூ, தூ’ என்று துப்புகிறானாம். அவன் யார் மீதும் துப்பவில்லை. நீலகிரியில் நாங்கள் பேசும் படுகு மொழியில் சோற்றுக்கு ‘கூ’ என்று பெயர். அவனுக்குக் ‘க’ வராது, ‘த’தான் வரும். பசித்துச் சோறு கேட்ட ஆறு வயதுப் பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

“வீட்டில் படுகு பேசுவதால்தான் குழம்புகிறான், தமிழ் மட்டும் பேசுங்கள்” என்றார் ஆசிரியை. நானும் நம்பினேன். என் மாமியாருக்குத் தமிழ் சரளமாக வராது. பாட்டியும் பேரனும் அடுப்படியில் ஒருவரையொருவர் பார்த்தபடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மாதம் அப்படிப் போனது. இருந்த பேச்சும் குறைந்தது. அந்த அறிவுரையை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர்தான் வழி காட்டினார். முதலில் காதைப் பரிசோதியுங்கள், பேச்சைப் பிறகு பார்க்கலாம் என்றார். கோத்தகிரியிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், மழையில் பஸ் ஊர்ந்துதான் போகும். முதல் நாள், பரிசோதிப்பவர் விடுப்பு. இரண்டாம் முறை பரிந்துரைக் கடிதத்தில் முத்திரை இல்லையாம். ஜன்னலுக்குள் இருந்தவர் தலை நிமிராமலே கடிதத்தைத் திருப்பித் தள்ளினார். வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் முறை பரிசோதனை நடந்தது. காதில் குறையில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் பள்ளியில் உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அதற்கும் ஒரு நாள் அலைந்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலுள்ள 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டுதான். ஆனால் உடலுறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் வரும் நிரந்தரக் குறையையே அது குறிக்கிறது, இவனுக்குப் பொருந்தாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் போனபோது மாமியாரையும் அழைத்துப் போனேன். நான் செய்ததில் உருப்படியான காரியம் அதுதான். பயிற்சியாளர் படங்களைக் காட்டி, தமிழில் ஒரு முறை, பாட்டி வழியாகப் படுகில் ஒரு முறை கேட்டார். தமிழில் ‘கதவு’ ‘ததவு’ ஆனது, படுகில் ‘கூ’ ‘தூ’ ஆனது. “இரண்டிலும் ஒரே எழுத்துதான் மாறுகிறது. மொழிக் குழப்பம் என்றால் இப்படி வராது. பாட்டி பழையபடி பேசட்டும்” என்றார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பயிற்சி எளிமையானதுதான். மல்லாந்து படுக்க வைத்து, நுனி நாக்கைக் கரண்டிக் காம்பால் மெல்ல அழுத்திக்கொண்டு ‘க’ சொல்ல வைக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் பாட்டியே செய்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பரிசோதிப்பவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். கடிதத்தில் கையெழுத்தோடு முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பயிற்சியாளரிடம் வகுப்பாசிரியருக்கென்று தமிழில் ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள். எங்கள் குறிப்பில் மூன்றே வரிகள்: முன் வரிசையில் உட்கார வையுங்கள், கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள், தவறாகச் சொன்னால் திரும்பச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல், நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். அதை ஆசிரியை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். அந்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும்.

‘கதவு’ இன்னும் வரவில்லை. சென்ற வியாழக்கிழமை தட்டை நீட்டி, பாட்டியிடம் ‘கூ’ என்றான். அவர் இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டார்.