ரிவோல்வரைத் தெரிவு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது விரலை

ரிவோல்வர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ரவையின் அளவைப் பற்றித்தான். .38 போதுமா, .357 மக்னம் வேண்டுமா என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. சுடுதளத்தில் புதியவர்களுக்கு அருகே நின்று பழக்கி வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ரிவோல்வரின் விசையை உங்கள் சுட்டுவிரலால் நேராகப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள் என்றே எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

இலங்கையில் இது நினைத்தவுடன் கடைக்குப் போய் வாங்கி வரும் பொருள் அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024இன் இறுதியில் அறிவித்ததை, கொழும்பில் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் வர்த்தகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே கீழே எழுதுவதெல்லாம் முறையான அனுமதி உள்ளவர்களுக்கும், சங்கத்தில் சேர்ந்து விளையாட்டாகச் சுடப் பழகுபவர்களுக்கும் மட்டுமே.

ரிவோல்வரை இரண்டு விதமாகச் சுடலாம். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுட்டால், விசைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அளவு அழுத்தம் போதும். அப்படிச் செய்யாமல் விசையை மட்டும் இழுத்தால், ரவைகள் இருக்கும் சிலிண்டரைச் சுழற்றுவதும் சுத்தியலைத் தூக்கி விடுவதும் அந்த ஒரே இழுப்பின் வேலையாகிவிடுவதால், ஐந்து கிலோவுக்கு அண்மையான அழுத்தம் தேவைப்படும். நான்கு அங்குலக் குழலுடைய ஸ்மித் அன்ட் வெசன் மொடல் 10 ரிவோல்வரின் எடையே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்றால், துப்பாக்கியின் எடையைப் போல ஐந்து மடங்கு அழுத்தம் ஒரு விரலில் இருந்து வருகிறது. அது சிறிது பக்கவாட்டில் விலகினாலும் குழல்முனை கூடவே விலகும். சுத்தியலை ஏற்றிவைத்துச் சுடுவது இலக்குத் தாளுக்கு ஏற்றது. தற்காப்பில் அதை நான் ஏற்கவே மாட்டேன், ஏனெனில் பயத்தில் நடுங்கும் விரலின் கீழ் அவ்வளவு இலேசான விசை இருப்பது யாருக்கும் நல்லதல்ல.

பெண்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் ஐந்து ரவை கொள்ளும், அலுமினியச் சட்டகமுடைய குட்டி ரிவோல்வரைச் சிபாரிசு செய்யும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் கடுமையான மறுப்பு உண்டு. நானூறு கிராமை ஒட்டிய எடையுள்ள துப்பாக்கியில் பின்னுதைப்பு முழுவதும் கையிலேயே வந்து இறங்கும்; குறிபார்க்க உதவும் முன், பின் குறிமுனைகளுக்கு இடைப்பட்ட தூரமும் குறைவு என்பதால் சிறு பிழையும் பெரிதாகும். பழகுபவர் வலிக்குப் பயந்து பயிற்சியையே விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உருக்குச் சட்டகமும் நான்கு அங்குலக் குழலும், விரல் நீளத்துக்கு ஏற்ற பிடியும் கொண்டதே தொடக்கத்துக்கு உகந்தது.

இனி ரவை. 1935இல் வெளிவந்த .357 மக்னத்தின் கோது, அதாவது மருந்தை அடக்கிய உலோக உறை, .38 ஸ்பெஷலின் கோதைவிட ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் நீளமானது. ஆகவே மக்னம் ரிவோல்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம், மறுவளமாகச் செய்ய முடியாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் அடுக்குமாடியில் ஒரு சுவருக்கு அப்பால் அயலவரின் பிள்ளை உறங்கும் வீடுகளுக்கு, ரவை எதைத் துளைத்துப் போகும் என்ற கேள்விதான் அதன் வலுவைவிட முக்கியமானது. மூடிய அறைக்குள் மக்னத்தின் ஓசை காதை நிரந்தரமாகவே பாதிக்கக் கூடும். பழைய வெப்ளி, என்பீல்ட் ரிவோல்வர்களின் .38 ரவை வேறு, .38 ஸ்பெஷல் வேறு; குழலில் பொறித்திருப்பதைப் படித்துப் பார்க்காமல் எதையும் உள்ளே இடக் கூடாது.

பயிற்சியில் நான் மிகவும் நம்புவது ஒன்று உண்டு. சிலிண்டரின் ஆறு அறைகளில் மூன்றில் ரவையும் மூன்றில் வெற்றுக் கோதும் இட்டு, பழகுபவர் பார்க்காதவாறு சுழற்றி மூடிக் கையில் கொடுப்பேன். நன்றாகச் சுடுவதாக நினைத்திருந்த இளைஞர் ஒருவர் விசையை இழுத்தபோது, வெற்றுக் கோதில் சுத்தியல் விழுந்த அந்தக் கணத்தில் குழல்முனை ஒரு விரற்கடை அளவு கீழே குத்தியது. "அண்ணா, வெடிக்கவே இல்லையே, ஏன் ஆடினது?" என்று கேட்டார். "வெடிக்கப் போகுது என்று கை முந்திவிட்டது தம்பி, அதைத்தான் திருத்த வேண்டும்" என்றேன். பிறகு முழுவதும் வெற்றுக் கோதாக இட்டு, முன்குறிமுனைக்குப் பின்னால் குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கச் சொன்னேன். இந்த உலர் பயிற்சியை அடிப்பாகத்தின் நடுவில் ஊசி குத்தி வெடிக்கும் ரவைக்கான நவீன ரிவோல்வர்களில் தாராளமாகச் செய்யலாம்; .22 ரிவோல்வரில் மட்டும் பொய் ரவை இடாமல் செய்தால் அடியூசியும் அறையின் விளிம்பும் பழுதாகும்.

கைப்பிடிப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி இருக்கிறது. சுடும்போது கொதிவாயுவும் ஈயத் துகளும் அதன் வழியே பக்கவாட்டில் சீறும். பிஸ்டலில் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னுக்கு நீட்டி வைப்பார்கள். ரிவோல்வரில் அப்படி வைத்தால் விரல் கிழியும்.

ரவை வெடிக்காவிட்டால் மீண்டும் இழுத்தாலே அடுத்த அறை வந்து நிற்கும் என்பது உயிராபத்தில் ரிவோல்வரின் பெருஞ்சிறப்பு. சுடுதளத்தில் அப்படிச் செய்யக் கூடாது. தாமதமாக வெடிக்கும் ரவையாக இருந்தால் அது குழலை விட்டு விலகிய நிலையில் வெடித்துவிடும் என்பதால், குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஓசை வழமையைவிடத் தணிந்து கேட்டால் உடனே நிறுத்தி, ரவைகளை அகற்றி, குழலுக்குள் ஈயம் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தற்காப்புரிமை தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தேவைக்கு மேற்பட்ட தீங்கை அது அனுமதிப்பதில்லை. அனுமதிப்பத்திரம் எடுத்தவர் அந்தப் பிரிவுகளை ஒரு சட்டத்தரணியோடு அமர்ந்து வாசிப்பதற்கும் சுடப் பழகுவதற்குச் செலவிடும் அளவு நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பராமரிப்பில் கொழும்பின் கடற்காற்றை மறக்கக் கூடாது. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதற்குள் விட்டு வைத்த உருக்கு விரைவில் துருப்பிடிக்கும். மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, பிள்ளைகளின் கை எட்டாத பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். வெற்றுக் கோதுகளைத் தள்ளும்போது குழலை மேல்நோக்கிப் பிடித்தால், எரியாத மருந்துத் துகள்கள் தள்ளியின் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் தேங்காமல் கீழே கொட்டிவிடும். அந்த இடத்தைப் பழைய பல்தூரிகையால் துடைக்காமல் விடுபவர்களின் சிலிண்டர்தான் பெரும்பாலும் இறுகி, சுழல மறுக்கிறது.